மலாயாவுக்கு ஆயத்தம்: குடாநாட்டுக் கடற்செலவு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்துக் கூறுகின்றார். ஓதல், தூது, பகை, பொருள் என்பன அவற்றுட் சில. கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதன்று என்னும் கருத்தை அந்நூற் சூத்திரமொன்றுக்கு உரைகாரர் சிலர் கொள்வர். புறப்பட்டபின் நிகழும் துயரோடு புறப்படுமுன் வீட்டில் எழும் கலக்கத்தையும் பாலைத்திணைப் பாடல்கள் விரிவாகப் பேசுகின்றன. செலவழுங்கல் என்று அதற்கு ஒரு பெயரும் மரபில் உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டு இளைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலிருந்து மலாயாவுக்குப் பொருள்வயிற் பிரிந்து சென்றனர். அவர்கள் சென்ற இடத்தில் என்ன செய்தார்கள் என்பது பற்றி ஓரளவு எழுதப்பட்டுள்ளது. புகையிரதப் பகுதியிலும், பொதுவேலைப் பகுதியிலும், நில அளவை, திறைசேரி, தபால், வைத்தியம் ஆகிய பகுதிகளிலும் அவர்கள் ஆற்றிய பணி யாவரும் அறிந்ததே. ஆயின், அவர்கள் கப்பலேறுவதற்கு முன்னர் இங்கு நடந்தவை போதிய கவனத்தைப் பெறவில்லை. ஒருவனைக் கப்பலேற்றுவதற்கு ஒரு வீடும் ஓர் ஊரும் எவற்றையெல்லாம் செய்தன, எவற்றை ஈடுவைத்தன, அக்கடனை யார் தீர்த்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பயணத்துக்குச் செய்யும் ஆயத்தத்தைக் கொண்டு ஒரு சமூகம் எதனை மதித்தது, எதனை நம்பியது, எதனைக் காணத் தவறியது என்பவற்றை அறியலாம் என்பது எமது துணிபு.

புறப்படவேண்டி வந்த காரணங்கள்

குடாநாடு சுண்ணக்கற் பாறைமீது அமைந்த நிலம். வற்றாத ஆறு இங்கு இல்லை. கிணற்று நீரை இறைத்துத் தோட்டஞ்செய்வதும், மழையை நம்பி நெல் விதைப்பதும், பனையின் பயனைக் கொள்வதுமே பெரும்பாலோர் வாழ்வாக இருந்தன. புகையிலையே பணம் தந்த பயிர். திருவிதாங்கூர் அதற்குரிய பெருஞ்சந்தை. தலைமுறைதோறும் காணி பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டமையாற் பல குடும்பங்களின் நிலம் சில பரப்புகளாகக் குறுகியது. 1876–77ஆம் ஆண்டுகளிலே தென்னிந்தியாவைப் பஞ்சம் வாட்டியபோது அதன் வெப்பம் யாழ்ப்பாணத்தையும் தாக்கியது. ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தது அக்காலத்திலேயே.

இலங்கையின் நடுமலைநாட்டில் நிகழ்ந்தவையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கவை. 1869இல் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. கோப்பியின் வீழ்ச்சியால் அரசிறை குறைய, அரசாங்கம் வேலைகளைச் சுருக்கியது. ஆங்கிலம் கற்று உத்தியோகத்தை எதிர்நோக்கியிருந்த இளைஞர்களுக்குக் கொழும்பின் வாயில் ஒடுங்கிற்று.

இதே காலத்தில் வேறொரு வாயில் திறந்தது. 1874ஆம் ஆண்டுப் பாங்கோர் உடன்படிக்கையோடு மலாய் நாடுகளில் பிரித்தானியர் தலையீடு உறுதிபெற்றது. பேராக்கின் முதல் பிரித்தானிய ரெசிடென்டாக அமர்ந்த பேர்ச், இலங்கை நிருவாக சேவையில் நெடுங்காலம் இருந்தவர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் வரை முதலாவது இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பாதை அமைந்தது. இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் கடமையாற்றிய ஸ்பூனர் பின்னர் சிலாங்கூரின் அரச பொறியியலாளராகி, ஐக்கிய மலாய் நாடுகளின் புகையிரதப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். இத்தகைய அதிகாரிகள் இலங்கையில் தாம் கண்டு பழகிய ஆங்கிலம் அறிந்த யாழ்ப்பாணத்தவரை அங்கு வேலைக்கு நாடியதில் வியப்பில்லை. ஈயமும் இரப்பரும் செல்வம் கொழிக்கச்செய்த அந்நாட்டில் கணக்கெழுதவும், தந்தியடிக்கவும், நிலமளக்கவும், நிலையத்தைப் பொறுப்பேற்கவும் ஆட்கள் வேண்டப்பட்டனர்.

பள்ளிக்கூடம்: நீண்ட ஆயத்தம்

மலாயாப் பயணத்துக்கான ஆயத்தம் பெட்டி கட்டும் நாளில் தொடங்கியதன்று. பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய நாளிலேயே அது தொடங்கிற்று. அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855இல் மூடப்படும்வரை உயர்கல்வி அளித்தது. வெசுலியன் சபையினரும், அங்கிலிக்கன் திருச்சபையினரும், கத்தோலிக்கரும் தத்தம் பாடசாலைகளை வளர்த்தனர். வட்டுக்கோட்டையில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. மதமாற்றத்தை எதிர்த்துநின்ற நாவலரும் அதே 1872இல் வண்ணார்பண்ணையில் சைவ ஆங்கிலப் பாடசாலையொன்றைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நடைபெற்றது. 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபையினரின் முயற்சியும் ஆதரவும் சேர, 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருப்பெற்றது. 1880 முதல் இலங்கையில் நடத்தப்பட்ட கேம்பிரிட்ச் உள்ளூர்ப் பரீட்சைகள் இக்கல்விக்கு ஓர் அளவுகோலாயின. அப்பரீட்சைச் சான்றிதழ் கடல்கடந்தும் செல்லுபடியாகும் நாணயமாயிற்று.

இக்கல்விக்குப் பணம் வேண்டும். தமிழ்ப் பாடசாலைகளிற் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம் உண்டு. ஆதலால் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் யாவரும் ஆங்கிலம் கற்றல் அரிதாயிற்று. ஒருவனைத் தெரிந்து அவனுக்குச் செலவிட்டனர். மற்றவன் தோட்டத்தில் நின்றான். புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த அண்ணனின் உழைப்பிலே தம்பி இலக்கணமும் கணிதமும் பயின்றான் என்று கூறினால் அது மிகையாகாது. பிற்காலத்தில் மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளையின்மேல் அண்ணனுக்கிருந்த உரிமையின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

யாருக்கு இக்கல்வி கிட்டவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. சாதிக் கட்டுப்பாடு வலுவாயிருந்த அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பலர் ஆங்கிலப் பள்ளியின் படியை மிதிக்கவில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் சமமாக அமர அவர்கள் போராட வேண்டியிருந்தது. உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டும் என்னும் விதி 1929–30 காலத்தில் நடைமுறைக்கு வந்தபோது கிளம்பிய எதிர்ப்பு இதற்குச் சான்று. ஆகவே மலாயாவின் வாயில் குடாநாட்டுக்கு முழுமையாகத் திறந்ததெனக் கூறுதல் பொருந்தாது. காணியும் கல்வியும் ஏற்கெனவே எவர் கையில் இருந்தனவோ அவர்களுக்கே அது அகலத் திறந்தது.

வழிச்செலவும் ஒற்றிக்காணியும்

கப்பற்கூலி, கொழும்புவரை செல்லும் செலவு, வேலை கிடைக்கும்வரை அங்கு உண்ணவேண்டிய சோற்றுக்கான பணம், உடுப்பு என்பன சேர்ந்தபோது சாதாரணத் தோட்டக்காரக் குடும்பத்தால் உடனே எடுத்துக்கொடுக்க இயலாத தொகையாயின. இப்பணத்தைத் திரட்டிய வழிகளிலே ஒற்றி தலையாயது.

ஒல்லாந்தர் காலத்தில், 1706–07இல், யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக் தொகுத்த தேசவழமை, 1806இல் பிரித்தானியரால் சட்டவலுப் பெற்றது. அது முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுப்பதோடு ஒற்றியையும் விரிவாகக் கூறுகின்றது. ஒற்றியிற் பணம் கொடுத்தவர் வட்டி பெறுவதில்லை. அதற்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும். மலாயாவுக்கு ஒருவனை அனுப்பவிருந்த குடும்பத்துக்கு இம்முறை பெரிதும் ஏற்றதாயிற்று. மாதந்தோறும் வட்டி கட்டும் தொல்லை இல்லை. சென்றவன் நிலைபெற்றுப் பணம் அனுப்பும்வரை காலம் கிடைக்கும். ஆயின் அதுவரை அக்காணியின் நெல்லும் புகையிலையும் வேறொருவர் வீட்டுக்குப் போகும். வீட்டிலிருந்தோர் வயிற்றைச் சுருக்கியே இந்த முதலை ஈட்டினர் என்பது இதனாற் பெறப்படும்.

தேசவழமையின் இன்னொரு விதியும் இங்கு எண்ணத்தக்கது. மணமாகாத மைந்தன் ஈட்டிய பொருளைப் பெற்றோரின் பொதுமுதலோடு சேர்க்கவேண்டும். தன் உடலில் அணிந்த பொன் வெள்ளி அணிகளையே அவன் தனதெனக் கொள்ளலாம் என்பது பழைய வழமை. மலாயாவுக்குச் சென்ற மணமாகாத இளைஞன் தன் சம்பளத்தைத் தகப்பனுக்கு அனுப்பியது அன்பின் பாற்பட்டதே. எனினும் அவ்வன்புக்குப் பின்னே நூற்றாண்டுகள் பழகிய ஒரு வழமையும் நின்றது. கடல் அவனை ஊரிலிருந்து பிரித்ததேயன்றி அந்த வழமையிலிருந்து பிரிக்கவில்லை.

ஒற்றிக்கு வைக்கக் காணி போதாதவிடத்து நகை அடைவு போயிற்று. பெரும்பாலும் அது தாயின் நகையாகவோ, சீதனமாகக் கொடுக்கச் சேர்த்துவைத்த தமக்கையின் நகையாகவோ இருந்தது. உறவினரிடம் கைமாற்று வாங்குவதும் உண்டு. கைமாற்றுக்கு எழுத்து இல்லை. அதனாலேயே அதனைத் தீர்க்கவேண்டிய கடப்பாடு எழுத்திலுள்ள கடனிலும் பார்க்கக் கனமாயிருந்தது.

பெட்டியும் விலாசமும்

புறப்படுபவனுடைய றங்குப்பெட்டியில் இரு உலகங்கள் அருகருகே இருந்தன. ஒருபுறம் வேட்டி, சால்வை; மறுபுறம் தையற்காரனிடம் புதிதாகத் தைப்பித்த கோட்டு, கடையில் வாங்கிய சப்பாத்து. அயலார் தீட்டு எனக் கப்பலிற் சமைத்த சோற்றை உண்ணத் தயங்கியவர்களுக்கு வழியுணவு இன்றியமையாததாயிற்று. பயற்றம்பணியாரம், எள்ளுருண்டை, பொரிவிளாங்காய், பனாட்டு, புழுக்கொடியல், பனங்கட்டி என்பன பழுதுபடாது பல நாள் இருக்கக்கூடியவை. கொத்தமல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு ஆகியவற்றைச் சிறு துணிமுடிச்சுகளாகக் கட்டித் தாயார் வைப்பார். காய்ச்சல் வந்தால் அவித்துக் குடிப்பதற்கு அவை உதவும். யார் அவித்துக் கொடுப்பார் என்னும் கேள்விக்கு அம்முடிச்சுகளில் விடையில்லை.

முதலாம் உலகப்போருக்கு முன்னர், பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்குக் கடவுச்சீட்டு பொதுவாக வேண்டப்படவில்லை. பிறப்புப் பதிவின் பிரதி, பரீட்சைச் சான்றிதழ், தலைமையாசிரியரோ குருவானவரோ வழங்கிய நற்சான்றுக் கடிதம் ஆகியனவே அவனது பத்திரங்கள். அவற்றினும் மேலானது ஒரு விலாசம். கோலாலம்பூரிலோ, ஈப்போவிலோ, சிரம்பானிலோ, சிங்கப்பூரிலோ முன்னரே சென்றிருந்த அம்மான், மைத்துனன், அல்லது ஊரவன் ஒருவனுடைய விலாசமே உண்மையான கடவுச்சீட்டாக விளங்கியது. அந்த வீட்டில் மாதக்கணக்கிற் தங்கி உண்டு, மேலதிகாரியிடம் அழைத்துச் செல்லப்பட்டு, வேலை பெற்று, பின் அடுத்துவரும் ஊரவனுக்குத் தன் வீட்டை இடமாகக் கொடுத்தல் எழுதாத ஒப்பந்தமாக இருந்தது. ஓர் ஊரார் ஒரே பகுதியில் ஒரே இலாகாவில் திரண்டமைக்குக் காரணம் இதுவே. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் புகையிரத ஊழியர் குடியிருப்புகளால் நிறைந்து, கந்தசுவாமி கோவிலும் எழுந்து, யாழ்ப்பாணத்தவரின் இருப்பிடமாயிற்று. 1910இல் சிங்கப்பூரில் இலங்கைத் தமிழர் சங்கம் அமைந்ததும் இவ்வுறவுப் பின்னலின் வளர்ச்சியே.

பெட்டியில் வையாது வீட்டில் வைத்த ஒரு பொருளும் உண்டு. அது அவனது சாதகக் குறிப்பு. அவன் தொலைவில் இருக்கும்போதும் கல்யாணப் பேச்சு நடைபெறவேண்டும். கணக்கெழுதத் தொடங்கிய அவன் ஒரு தவணை விடுமுறையில் வந்து மணமுடித்துத் திரும்புவதற்கான ஆயத்தம், அவன் புறப்படுமுன்பே தாயின் பெட்டகத்திற் பத்திரமாயிருந்தது.

நாளும் கோளும் வழியும்

வேந்தன் போர்மேற் செல்ல நாள் வாய்க்காதபோது தன் குடையையோ வாளையோ நல்ல நாளில் முன்னே போக்குதலைக் குடைநாட்கோள், வாள்நாட்கோள் என்று புறப்பொருள் நூலார் கூறுவர். கப்பல் புறப்படும் நாளைப் பஞ்சாங்கம் தீர்மானிப்பதில்லை. ஆதலாற் குடிமக்களும் இவ்வழக்கை வேறுபெயரிற் கைக்கொண்டனர். நல்ல நாளில் பெட்டியையோ உடுப்பையோ எடுத்து அயல்வீட்டிற் கொண்டுபோய் வைத்துப் பின்னர் வசதியான நாளிற் புறப்படுதல் பரஸ்தானம் எனப்பட்டது. வியாழக்கிழமை தெற்கே சூலம். திங்களும் சனியும் கிழக்கே சூலம். கொழும்பு தெற்கே, மலாயா கிழக்கே. இரு திசைக்கும் இசைந்த நாளைப் பெரியவர்கள் வாக்கிய பஞ்சாங்கத்திலே தேடினர். நல்லூரிலும், செல்வச்சந்நிதியிலும், குலதெய்வத்தின் சந்நிதியிலும் நேர்த்தி வைத்தனர். நிறைகுடம் எதிர்வர, திருநீறு அணிந்து, பெரியோர் காலில் விழுந்து அவன் படலையைக் கடந்தான். இச்சடங்குகளை மூடநம்பிக்கை என ஒதுக்குதல் எளிது. கடிதம் வரப் பல வாரம் செல்லும் காலத்தில், தம் கையை மீறிய ஒன்றைத் தம் ஒழுங்குக்குள் அடக்குவதற்கு வீட்டிலிருந்தோருக்கு இருந்த ஒரே வழி அது என்பதையும் உணர்தல் வேண்டும்.

குடாநாட்டவருக்குக் கடல் புதியதன்று. வல்வெட்டித்துறையார் தாம் கட்டிய பாய்க்கப்பல்களில் இந்தியக் கரைகளுக்கும் பர்மாவின் இரங்கூன், அக்கியாப் முதலிய துறைகளுக்கும் சென்று அரிசியும் தேக்கும் கொண்டுவந்தனர். அவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அவர்களுடைய ஆயத்தம் காற்றையும் நீரோட்டத்தையும் விண்மீனையும் அறிந்த ஆயத்தம். மலாயாவுக்குச் சென்ற லிகிதனோ கடலை அறியாதவன். கப்பலின் தட்டில் அவன் ஒரு சுமை. அவனது ஆயத்தம் கடலுக்கன்று, கரைக்கு அப்பாலிருந்த கந்தோருக்கே உரியது.

கொழும்பை அடைதலே தொடக்கத்திற் பெரும்பயணமாக இருந்தது. கரையோரக் கப்பலிற் செல்லலாம். அல்லது வன்னிக் காட்டினூடாகத் தரைவழியே மாத்தளை சென்று, 1880இல் அங்கு எட்டிய புகையிரதத்தைப் பிடிக்கலாம். 1902இல் குடாநாட்டுக்குள் இருப்புப்பாதை திறக்கப்பட்டு, 1905இல் அது கொழும்புப் பாதையோடு தொடர்புற்றபின் இந்நிலை மாறியது. 1875இல் தொடங்கி 1885இல் முடிந்த அலைதடுப்புச் சுவரால் கொழும்பு பெருந்துறைமுகமாகி, அதுவரை காலி பெற்றிருந்த இடத்தைக் கொண்டது. கொழும்பிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 1,300 கடல்மைல். நாலைந்து நாட்களில் நீராவிக்கப்பல் அத்தொலைவைக் கடந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த ஆயத்தத்துக்குப் பயணம் இத்துணைக் குறுகியதாக இருந்தது!

எஞ்சியிருந்தோர்

முற்காலத்திற் சென்றோர் பெரும்பாலும் தனியராகவே சென்றனர். தொல்காப்பியச் சூத்திரத்தை அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். சம்பளம் போதாமையும் குடியிருக்க வீடின்மையும் அதே விதியை அவர்களுக்கு விதித்தன. மனைவியரையும் பிள்ளைகளையும் அழைத்துச்செல்லும் வழக்கம் பின்னரே பெருகியது. அதுவரை வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். ஒற்றியை மீட்கும் கணக்கு, கோயில் உபயம், வழக்கு, வேலியடைப்பு, பிள்ளையின் பள்ளிக்கட்டணம் என யாவற்றையும் கணவனின் பெயரால் அவர்கள் நடத்தினர். முடிவு அவனுடையதென்று கடிதத்தில் எழுதப்பட்டது. அக்கடிதம் வரும்வரை வீட்டை நிற்கச்செய்தது அவர்களின் முடிவே.

மலாயாப் பணத்தின் பெறுமதியையும் நோக்குதல் நன்று. 1906இல் நீரிணைக் குடியேற்ற வெள்ளி 2 சிலிங் 4 பென்சு என நிலைநிறுத்தப்பட்டது. ரூபாவின் விலை 1 சிலிங் 4 பென்சு. எனவே அங்கு ஈட்டிய ஒரு வெள்ளி இங்கு ஒன்றேமுக்கால் ரூபாவாயிற்று. அப்பணத்தால் ஒற்றிகள் மீண்டன. மண்சுவர் வீடுகள் கல்வீடுகளாயின. கோயில்கள் திருப்பணி கண்டன. பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. இவற்றோடு சீதனமும் ஏறிற்று. மலாயா உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளைக்கு நிகரான சீதனம் கொடுக்கத் தோட்டக்காரத் தகப்பன் திணறினான். தமக்கையின் நகையை அடைவுவைத்துச் சென்ற தம்பி, அந்நகையை மீட்டுக் கொடுத்தபோதும், தானே உயர்த்திய சீதனச் சந்தையில் அவளுக்கு மாப்பிள்ளை தேடவேண்டியவனானான். ஒரு குடும்பத்தின் ஆயத்தம் அயற்குடும்பத்தின் நெருக்கடியாகிய விதம் இது.

திரும்புதல் என்னும் எதிர்பார்ப்பு

மேற்கூறிய ஆயத்தங்கள் யாவும் ஒரு நம்பிக்கையின்மேல் எழுந்தவை: சென்றவன் திரும்புவான். மீட்கக்கூடிய ஒற்றி, வீட்டில் வைத்த சாதகம், வைத்த நேர்த்தி ஆகிய மூன்றும் அதையே உணர்த்துகின்றன. பலர் திரும்பவும் செய்தனர். மலாயாப் பென்சனோடு வந்து ஊர்ப் பெரியவராய் வாழ்ந்தோர் குடாநாட்டின் ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தனர்.

ஆயினும் போக்குவரவு எப்போதும் எதிர்பார்த்த திசையில் நடக்கவில்லை. 1898இல் ஈப்போவிற் பிறந்த சா. ஜே. வே. செல்வநாயகம், சிறுவயதிலேயே கல்வியின் பொருட்டுத் தாயாருடன் தெல்லிப்பழைக்கு அனுப்பப்பட்டார். தந்தையார் மலாயாவில் தங்கினார். 1915இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த சி. இராஜரத்தினம் குழந்தைப் பருவத்திலேயே மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சிரம்பானில் வளர்ந்து, 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரானார். ஒருவர் இலங்கைத் தமிழரின் அரசியலுக்குத் தலைமை தாங்க, மற்றவர் வேறொரு நாட்டின் உருவாக்கத்திற் பங்கேற்றார். எந்தப் பிள்ளை எந்தக் கரைக்கு உரியது என்பதைப் பெற்றோரின் ஆயத்தம் முழுவதாகத் தீர்மானிக்க முடியவில்லை.

1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கடிதமும் காசுக்கட்டளையும் நின்றன. அறுபதாண்டுகளாக ஒரே திசையை நோக்கி ஆயத்தம் செய்த குடும்பங்கள், அத்திசை இருண்டபோது வேறு வழியற்றன. தோட்டத்தை விட்டு உத்தியோகத்தை நம்பிய வீடுகளில் தோட்டஞ்செய்யும் கைகள் குறைந்திருந்தன. போர் முடிந்தபின் தொடர்பு மீண்டது. பழைய நிலை மீளவில்லை. 1950களில் மலாயா குடிவரவுச் சட்டங்களை இறுக்கியது. 1957இல் அந்நாடு சுதந்திரம் பெற்றதும் அரச சேவை அந்நாட்டவருக்கே உரியதாயிற்று. குடாநாட்டு இளைஞனுக்கு மலாயாவின் வாயில் அடைபட்டது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1956இல் கொண்டுவரப்பட்ட தனிச்சிங்களச் சட்டத்தால் இலங்கை அரச சேவையின் வாயிலும் ஒடுங்கத் தொடங்கியிருந்தது என்பதை இதனோடு பொருத்திப் பார்த்தால், பின்வந்த தலைமுறையின் இக்கட்டு விளங்கும்.

இங்குதான் நமது சமூகத்தின் குறையொன்று வெளிப்படுகின்றது. மலாயாப் பணம் வீடாயிற்று, கோயிலாயிற்று, பள்ளியாயிற்று, சீதனமாயிற்று; ஆலையாகவோ, பெருந்தொழிலாகவோ ஆனது மிகக் குறைவு. கட்டிய பள்ளிகளும் இன்னொரு புறப்பாட்டுக்கே பிள்ளைகளை ஆயத்தப்படுத்தின. போவதற்கு வேண்டியவற்றைத் திறம்படச் செய்த சமூகம், இருப்பதற்கு வேண்டியவற்றை அதே திறத்தோடு செய்யவில்லை. குடியேற்ற ஆட்சியின் பொருளாதாரம் அதற்கு இடந்தரவில்லை என்பது உண்மை. அதுவே முழு உண்மை எனக் கொள்ளுதல் நம்மை நாமே தேற்றிக்கொள்வதாக முடியும்.

முடிபு

1983 ஆடி வன்செயலின்பின் குடாநாட்டிலிருந்து எழுந்த புறப்பாடு வேறு இயல்பினது. கனடா, இங்கிலாந்து, பிரான்சு, செருமனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா எனப் பல திசைகளிற் சிதறியோருக்கு நாள் பார்க்க அவகாசம் இருக்கவில்லை. பல குடும்பங்களில் ஒற்றி அறுதி விற்பனையாயிற்று. மீட்கும் எண்ணம் உறுதியிலிருந்து மறைந்தது. ஆயினும் முன்னே சென்றவனின் விலாசம், எழுத்தில்லாக் கைமாற்று, தமக்கையின் நகை என்பன மீண்டும் அதே இடத்தில் நின்றன. பொருள்வயிற் பிரிவுக்குப் பயின்ற முறைகளே உயிர்காக்கும் பிரிவுக்கும் உதவின. மலாயாக் காலத்தின் ஆயத்தம் அவ்வகையில் வீண்போகவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாம மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்கக்கூடியதை மட்டுமே எடுத்தனர். காணி உறுதியை எடுத்தோர் பலர். பரணிலும் பெட்டகத்திலும் கிடந்த மலாயாக் கடிதங்களை எடுத்தோர் எத்தனைபேர்? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி நாம் பேசுகின்றோம், பேசவேண்டும். வீட்டுவீடாக அழிந்த கடிதம், ஒற்றி உறுதி, காசுக்கட்டளைத் துண்டு, கப்பற்சீட்டு ஆகியவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை. மேலே கூறிய வரலாற்றின் சான்றுகள் அவற்றிலேயே அடங்கியிருந்தன. தம்பிக்காகத் தோட்டத்தில் நின்ற அண்ணனும், நகை கழற்றிய தமக்கையும் எந்த அரச அறிக்கையிலும் பெயர் பெறவில்லை.

எஞ்சியவை இன்னும் சில வீடுகளில் உண்டு. இம்மலரை வாசிக்கும் மாணவர் பலர் விரைவிற் கடல்கடக்கக் கூடும். அதனைத் தடுத்துச் செலவழுங்குவித்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. புறப்படுமுன் தத்தம் வீட்டுப் பழைய றங்குப்பெட்டியை ஒருமுறை திறந்து, அதிலுள்ள தாள்களைப் பிரதிசெய்து ஒரு நூலகத்திடம் ஒப்படைப்பார்களாயின், அதுவும் பயண ஆயத்தத்தில் ஒரு கூறாகும். நம்மை அனுப்பியவர் யார், அவர் எதனை ஈடுவைத்தார் என்பதை அறிந்து செல்பவனுக்கே அக்கடனைத் தீர்க்கும் வழி தெரியும்.